நாற்பது என்னும் எல்லைக்கோடு: ஈரல் நொதியப் பரிசோதனையின் ஒப்பீட்டு வீச்சு

குருதிப் பரிசோதனை அறிக்கையொன்றைக் கையிற் பெறும் எவரும் முதலில் நோக்குவது தமது பெறுமானத்தையன்று. அதனருகே அச்சிடப்பட்டிருக்கும் வீச்சையே. தமது எண் அவ்வீச்சுக்குள் அடங்கியிருப்பின் மனம் ஆறுகின்றது. ஓர் எண் கூடியிருப்பினும் கலங்குகின்றது. வைத்தியரும் பெரும்பாலும் அவ்வீச்சைக் கொண்டே தமது முதற் தீர்மானத்தை எடுக்கின்றார். ஆயினும், அவ்வீச்சு எங்கிருந்து வந்தது, அதனை வகுத்தவர் எவர், எத்தகைய மனிதரை அளந்து அது பெறப்பட்டது என்னும் வினாக்களை எழுப்புவோர் மிகச் சிலரே.

ஈரலின் நிலையை அறிவதற்காக உலகெங்கும் அன்றாடம் செய்யப்படும் ஏ.எல்.டி. பரிசோதனை இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். பழைய வழக்கில் இதனை எஸ்.ஜி.பி.டி. என்பர், இன்றும் பல அறிக்கைகளில் இரு பெயர்களும் சேர்ந்தே காணப்படுகின்றன. நீண்ட காலமாகப் பெரும்பாலான ஆய்வுகூடங்கள் இதன் மேலெல்லையாக லீற்றருக்கு 40 அலகு, அல்லது அதனையொட்டிய ஓர் எண்ணையே அச்சிட்டு வந்துள்ளன. இந்த நாற்பது இயற்கை வரைந்த கோடன்று. மனிதர் சில தெரிவுகளைச் செய்து வரைந்த கோடு அது. அத்தெரிவுகளை மாற்றினால் கோடும் இடம் மாறும். கோடு இடம் மாறினால், நேற்றுவரை ஆரோக்கியமானவராகக் கருதப்பட்ட பல இலட்சம் பேர் இன்று நோயாளராகிவிடுவர். அல்லது மறைந்திருக்கும் நோயுடைய பலர் கவனிப்பாரின்றி விடப்படுவர்.

அளவீட்டின் வரலாறு

அலனின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து அமினோக் கூட்டத்தை வேறொரு மூலக்கூறுக்கு மாற்றுவதே இந்நொதியத்தின் பணி. ஈரற் கலங்களுக்குள் இது மிகுதியாக உண்டு. கலங்கள் சிதைவுறும்போது இது குருதியில் கசிகின்றது. ஆகவே குருதியில் இதன் செயற்பாடு உயர்ந்திருப்பின், ஈரற் கலங்களுக்கு ஏதோ ஊறு நேர்ந்துள்ளது என ஊகிக்கலாம். 1954 இல் நியூயோர்க்கில் லாடூ, ரூப்ளெவ்ஸ்கி, கார்மன் ஆகிய மூவரும் இதனோடு நெருங்கிய உறவுடைய மற்றொரு நொதியம் மாரடைப்பின் பின்னர் குருதியில் உயர்வதை எடுத்துக்காட்டினர். இதயத்தில் தொடங்கிய அந்த ஆய்வு மிக விரைவிலேயே ஈரலை நோக்கித் திரும்பியது. ஏ.எல்.டி. ஈரலைக் குறிக்கும் நொதியமாக நிலைபெற்றது.

நொதியத்தின் அளவீடு, குருதியிலுள்ள சீனியை அல்லது உப்பை அளப்பது போன்றதன்று என்பதை இங்கு அழுத்திக் கூறவேண்டும். நொதியம் எவ்வளவு இருக்கின்றது என்பதை நாம் நேரடியாக அளப்பதில்லை. அது எவ்வளவு விரைவாக வேலை செய்கின்றது என்பதையே அளக்கின்றோம். ஒரு நிமிடத்தில் ஒரு மைக்ரோமோல் பொருளை மாற்றும் ஆற்றலே ஓர் அலகாகும். ஏ.எல்.டி. தாக்கத்தில் பைருவேற்று உண்டாகின்றது. மற்றொரு நொதியத்தைக் கொண்டு அதனை லக்ரேற்றாக மாற்றும்போது என்.ஏ.டி.எச். என்னும் பொருள் செலவாகின்றது. அப்பொருள் 340 நனோமீற்றர் அலைநீளமுடைய ஒளியை உறிஞ்சும் தன்மையுடையது. அது குறையக் குறைய ஒளி உறிஞ்சப்படுவதும் குறையும். அக்குறைவின் வேகத்தையே இயந்திரம் எண்ணாக மாற்றித் தருகின்றது.

வேலையின் வேகம் சூழலைப் பொறுத்து மாறும். 25 பாகையிலும் 30 பாகையிலும் 37 பாகையிலும் ஒரே குருதி மூன்று வேறு எண்களைத் தரும். ஒரு காலத்தில் ஆய்வுகூடங்கள் இம்மூன்று வெப்பநிலைகளையும் கையாண்டன. 1957 இல் ரைட்மன், ஃபிராங்கெல் ஆகியோர் வெளியிட்ட நிறமானி முறை எளிமையும் மலிவும் உடையதாகையால் பல நாடுகளில் பல தசாப்தங்கள் நிலைத்தது. மேலும், இந்நொதியம் செயற்படுவதற்கு விற்றமின் பி6 இலிருந்து பெறப்படும் ஒரு துணைப்பொருள் தேவை. பரிசோதனைக் கரைசலில் அதனைச் சேர்க்கும் ஆய்வுகூடத்துக்கும் சேர்க்காத ஆய்வுகூடத்துக்கும் இடையே பெறுமானம் வேறுபடும். பி6 குறைபாடுடையோரிடத்து, குறிப்பாகச் சிறுநீரகம் செயலிழந்து இயந்திரம் மூலம் குருதி சுத்திகரிக்கப்படுவோரிடத்து, இவ்வேறுபாடு மேலும் பெரிதாகும். சர்வதேச மருத்துவ இரசாயனச் சம்மேளனம் 37 பாகையில் துணைப்பொருளுடன் அளக்கும் நியம முறையை 2002 இல் வெளியிட்டது. அளவுகோலை ஒன்றாக்கும் முயற்சியில் அது ஒரு மைல்கல். எனினும் சந்தையிலுள்ள எல்லாப் பரிசோதனைத் தொகுதிகளும் அதனைப் பின்பற்றுவதில்லை. எனவே ஓர் ஆய்வுகூடத்தின் 38ஐயும் மற்றொன்றின் 44ஐயும் அருகருகே வைத்து நோய் முற்றிவிட்டதென அஞ்சுவது பெரும்பாலும் வீண்.

‘இயல்பு’ என்னும் சொல்

அளவுகோல் ஒன்றானாலும் எல்லைக்கோட்டை வரையும் சிக்கல் தீர்ந்துவிடாது. முன்னர் இதனை ‘இயல்புப் பெறுமானம்’ என்றே அழைத்தனர். இச்சொல் இரு வேறு பொருள்களை ஒன்றாகக் கலந்துவிடுகின்றது. பலரிடம் காணப்படுவது என்பது ஒன்று. நலமானது என்பது மற்றொன்று. ஓர் ஊரில் பெரும்பாலானோருக்குப் பற்சொத்தை இருப்பின் பற்சொத்தை அங்கு பரவலானதே. அதனால் அது நலமானதாகிவிடாது. பின்லாந்து நாட்டு விஞ்ஞானிகளான கிராஸ்பெக், சாரிஸ் ஆகிய இருவரும் 1969 இல் இக்குழப்பத்தைச் சுட்டி, ‘ஒப்பீட்டுப் பெறுமானம்’ என்னும் கருத்தை முன்வைத்தனர். யாரோடு ஒப்பிடுகின்றோம் என்பதை வெளிப்படையாகக் கூறு. அதன் பின்னர் எண்ணைக் கூறு என்பதே அவர்களது நிலைப்பாட்டின் சாரம். 1980களில் சர்வதேசச் சம்மேளனம் இக்கருத்தை விரித்து விதிமுறைகளாக்கியது.

அவ்விதிமுறைப்படி, முதலில் எத்தகையோர் ஒப்பீட்டுக் குழுவில் இடம்பெறலாம் என்பது வரையறுக்கப்படும். குறைந்தது 120 பேரிடமிருந்து குருதி பெற்று அளக்கப்படும். ஆண், பெண் என வேறுபடுத்த வேண்டுமாயின் ஒவ்வொரு பிரிவிலும் 120 பேர் தேவை. பெறுமானங்களை ஏறுவரிசையில் அடுக்கி, கீழிருந்து 2.5 வீதத்தினரையும் மேலிருந்து 2.5 வீதத்தினரையும் நீக்கிவிட்டு, எஞ்சும் 95 வீதத்தினரின் எல்லைகளே ஒப்பீட்டு வீச்சாகக் கொள்ளப்படும்.

இதன் உட்பொருளைச் சற்று ஊன்றி நோக்கவேண்டும். 120 பேரை அடுக்கினால் மேலெல்லையாக அமைவது உச்சியிலிருந்து மூன்றாமவரின் பெறுமானமே. அம்மேலெல்லை உண்மையில் எங்கிருக்கலாம் என்பதை 90 வீத நம்பகத்துடன் கூறுவதாயின், உச்சியிலுள்ள முதலாமவருக்கும் ஏழாமவருக்கும் இடையே எங்கோ என்றுதான் கூற முடியும். ஏ.எல்.டி. போன்ற நொதியத்தில் இந்த ஏழு பேரிடையேயான இடைவெளி மிகப் பெரிதாக இருக்கும். ஏனெனில் அதன் பரம்பல் இருபுறமும் சமச்சீரானதன்று. பெரும்பாலானோர் கீழ்ப்பகுதியில் நெருங்கியிருக்க, சிலர் மாத்திரம் மேற்புறமாக நீண்ட வாலைப் போல் சிதறிக் கிடப்பர். இப்பரம்பலுக்குச் சராசரியையும் நியம விலகலையும் இயந்திரமாகப் பொருத்துவது நகைப்புக்கிடமாகும். சராசரி 25, நியம விலகல் 15 எனக் கொண்டால், இரு விலகல்களைக் கழிக்கும்போது கீழெல்லை பூச்சியத்துக்கும் கீழே ஐந்தாக வரும்! உலகில் எவருக்கும் மறைப் பெறுமானமுள்ள நொதியம் இருப்பதில்லை.

95 வீதம் என்பதும் ஓர் உடன்பாடேயன்றி உயிரியல் உண்மையன்று. இவ்வரைவிலக்கணத்தின்படி முற்றிலும் ஆரோக்கியமானவருள் இருபதில் ஒருவர் ஏதாவதொரு பக்கம் வீச்சுக்கு வெளியே நிற்கவே வேண்டும். ஒன்றையொன்று சாராத இருபது பரிசோதனைகளை ஒரு சுகதேகிக்குச் செய்தால், அனைத்தும் வீச்சுக்குள் அமையும் வாய்ப்பு ஏறத்தாழ 36 வீதமே. நடைமுறையில் பரிசோதனைகள் ஓரளவு ஒன்றையொன்று சார்ந்தவையாதலால் இக்கணக்குச் சற்றுத் தளரும். எனினும், தேவையின்றிப் ‘முழுமையான’ பரிசோதனைத் தொகுதிகளைச் செய்துகொண்டு, அறிக்கையிற் காணும் ஒற்றை நட்சத்திரக் குறிக்காக உறக்கமிழப்போர் இக்கணக்கை அறிந்திருப்பது நன்று.

மிலானும் வட ஐரோப்பாவும்

ஆரோக்கியமானவர் எவர்? சிக்கலின் மையம் இதுவே. ஏ.எல்.டி. எல்லை முதன்முதலாக வகுக்கப்பட்ட காலத்தில், ஒப்பீட்டுக் குழுவில் இடம்பெற்றோர் பெரும்பாலும் நோய் எதனையும் உணராத சாதாரண மனிதர்களே. ஈரல் நோயோ பல்லாண்டுகள் எவ்வித வலியுமின்றி வளரக் கூடியது. ஹெப்படைடிஸ் சி வைரஸ் 1989 இலேயே இனங்காணப்பட்டது. அதற்கு முன்னர் அத்தொற்றைக் கண்டறியும் பரிசோதனையே இருக்கவில்லை. அமெரிக்கக் குருதி வங்கிகள் 1980களின் பிற்பகுதியில், பெயரறியாத அந்த ஈரல் அழற்சி குருதி மூலம் பரவுவதைத் தடுப்பதற்காக, ஏ.எல்.டி.யையே ஒரு மறைமுகச் சல்லடையாகப் பயன்படுத்தின. ஈரலில் கொழுப்புப் படியும் நோயும் அவ்வாறே; இன்று உலகின் வயது வந்தோருள் காற்பங்கினருக்கு மேல் இதற்கு உட்பட்டுள்ளனர். இவ்விரு நோய்களையும் உடையோர் தம்மையறியாமலே ‘ஆரோக்கியமானோர்’ குழுவினுள் நுழைந்து மேலெல்லையை உயர்த்தியிருப்பர். உயர்ந்த அவ்வெல்லை பின்னர் அதே நோயுடையோரை ‘இயல்பானவர்’ என அனுப்பிவைத்தது.

இத்தாலியில் பிராட்டி என்பவரும் அவரது சகாக்களும் இச்சுழலை உடைக்க முனைந்தனர். மிலான் நகரில் முதன்முறையாகக் குருதிக் கொடை வழங்க முன்வந்த, ஹெப்படைடிஸ் சி தொற்றற்ற 6835 பேரின் பதிவுகளை அவர்கள் ஆராய்ந்தனர். இயல்பான உடற்றிணிவுச் சுட்டி, இயல்பான கொலஸ்திரோல், ட்ரைகிளிசரைட், குருதிச் சீனி ஆகியவற்றை உடையவரும் மருந்து எதனையும் உட்கொள்ளாதவருமான 3927 பேரை மாத்திரம் தெரிந்தெடுத்து எல்லையைக் கணித்தனர். 2002 இல் வெளிவந்த அவர்களது முடிவு: ஆண்களுக்கு 30, பெண்களுக்கு 19. அதுவரை அங்கு வழக்கிலிருந்தவை முறையே 40, 30 ஆகும். ஹெப்படைடிஸ் சி வைரஸைக் குருதியிற் கொண்டவர்களைப் புதிய எல்லையால் அளந்தபோது, இனங்காணப்பட்டோர் 55 வீதத்திலிருந்து 76 வீதமாக உயர்ந்தனர். அதற்கு ஈடாக, நோயற்றோரைச் சரியாக விலக்கும் ஆற்றல் 97 வீதத்திலிருந்து 88 வீதமளவுக்குக் குறைந்தது.

இரு ஆண்டுகளின் பின்னர், 2004 இல், டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து, நோர்வே, சுவீடன் ஆகிய ஐந்து நாடுகள் கூட்டாக நடத்திய ஆய்வின் முடிவுகள் வெளிவந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகூடங்கள் பங்குகொண்டன. ஏறத்தாழ 3000 பேர் குருதி வழங்கினர். அளவீட்டு நுணுக்கத்தில் குறைகாண முடியாத முன்மாதிரி ஆய்வு அது. தம்மை நலமுடையவராக உணர்வோரும் அண்மையில் மருந்து உட்கொள்ளாதோரும் அதிற் சேர்க்கப்பட்டனர். உடற்பருமன் ஒரு தடையாகக் கொள்ளப்படவில்லை. அவர்கள் பெற்ற மேலெல்லை: ஆண்களுக்கு 70, பெண்களுக்கு 45.

முப்பதும் எழுபதும்! இரண்டும் நேர்மையான ஆய்வுகள். இரண்டும் ஐரோப்பியரிடையே, ஏறத்தாழ ஒரே காலத்தில் செய்யப்பட்டவை. வட ஐரோப்பிய ஆய்வு துணைப்பொருள் சேர்க்கும் நியம முறையைத் தழுவியமையும் எண்கள் உயர்ந்தமைக்கு ஓரளவு காரணம் என்பது உண்மை. ஆனால் பெரும் வேறுபாடு மனிதரைத் தெரிந்த விதத்திலேயே தங்கியுள்ளது. ஓர் ஆய்வு, ‘எமது மக்களிடையே எவ்வளவு காணப்படுகின்றது?’ என வினவிற்று. மற்றையது, ‘ஈரலுக்கு எவ்வித சுமையும் இல்லாதவரிடம் எவ்வளவு காணப்படும்?’ என வினவிற்று. இரு வேறு வினாக்களுக்கு ஒரே விடையை எதிர்பார்க்கலாகாது.

கொரியாவில் 35 முதல் 59 வயதுக்குட்பட்ட 142,055 பேரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்த ஆய்வும் 2004 இலேயே வெளிவந்தது. ஏ.எல்.டி. 20க்குக் குறைந்த ஆண்களுடன் ஒப்பிடுகையில், 20க்கும் 29க்கும் இடைப்பட்டோர் ஈரல் நோயால் இறக்கும் அபாயம் ஏறத்தாழ மூன்று மடங்காகவும், 30க்கும் 39க்கும் இடைப்பட்டோருக்கு ஒன்பது மடங்குக்கு மேலாகவும் இருந்தது. இவர்கள் அனைவரும் நாற்பதுக்குள் அடங்கியவர்கள்! ஹெப்படைடிஸ் பி பரவலாக இருந்த நாடு கொரியா என்பதை மனத்திற்கொண்டே இவ்வெண்களைப் படிக்கவேண்டும். எனினும் அங்கு அபாயம் ஒரு சரிவுப் பாதையைப் போன்று படிப்படியாகவே ஏறிச் சென்றது. முப்பதிலோ நாற்பதிலோ ஒரு மதில் இருக்கவில்லை.

அவ்வாறாயின் எல்லையை எங்கும் உடனே தாழ்த்திவிடுவதுதானே முறை எனச் சிலர் வினவலாம். விடயம் அவ்வளவு எளிதன்று. மெலிந்த, கொழுப்புக் குறைந்த, மருந்தற்ற சிறு பகுதியினரைக் கொண்டு கோடு வரைந்தால், சாதாரண சனத்தொகையில் மிகப் பெரும் பகுதியினர் கோட்டுக்கு மேலே நிற்பர். அவர்களுள் பலர் ஈரல் நோயால் ஒருபோதும் துன்புறப் போவதில்லை. மேலதிகப் பரிசோதனை, செலவு, மனக்கவலை ஆகியவற்றை அவர்கள் மீது சுமத்துவதும் ஒரு தீங்கே.

மிஸாஜும் தனி மனித அளவும்

எவரோடு எவரை ஒப்பிடுவது என்னும் வினா மருத்துவத்துக்குப் புதியதன்று. பதினோராம் நூற்றாண்டின் முற்பகுதியில் இப்னு ஸீனா எழுதிய ‘அல்கானூன் ஃபித்திப்’ நூலின் முதற் பாகத்தில் மிஸாஜ், அதாவது உடலின் கலப்புச் சமநிலை, பற்றிய பகுதி இங்கு நினைவுகூரத்தக்கது. சமநிலை என்பது தனித்து நிற்கும் ஒன்றன்று என அவர் விளக்குகின்றார். மனித இனத்துக்கு ஒரு சமநிலை. ஒவ்வொரு பிரதேசத்தாருக்கும் ஒன்று. தனி மனிதன் ஒவ்வொருவனுக்கும் அவனுக்கேயுரிய ஒன்று. இந்தியருக்குரிய மிஸாஜ் ஸ்லாவியருக்கோ, ஸ்லாவியருக்குரியது இந்தியருக்கோ வாய்க்குமாயின் அது நோயாகவே முடியும் என்பது அவர் தரும் எடுத்துக்காட்டு. அவரிடம் நொதிய அலகுகளோ புள்ளிவிபரவியலோ இருக்கவில்லை. இன்றைய ஒப்பீட்டுப் பெறுமானக் கோட்பாடு அங்கிருந்து பிறந்தது எனக் கூறுவது மிகையாகும். ஆனால் ஒப்பீட்டுக்குரிய கூட்டத்தைக் குறிப்பிடாமல் சமநிலையைப் பேச இயலாது என்பதை அவர் தெளிவாகவே கண்டிருந்தார்.

பிரதேசம் பற்றிய அவரது கருத்துக்கு இன்றும் இடமுண்டு. தென்னாசியரிடம் ஐரோப்பியரைவிடக் குறைந்த எடையிலேயே உடற்கொழுப்புக் கூடிவிடுகின்றது. இக்காரணத்தாலேயே உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 இல் ஆசியருக்கு உடற்றிணிவுச் சுட்டி 23ஐயே மேலதிக எச்சரிக்கைப் புள்ளியாக வைத்தது. ஆகவே 25க்குக் கீழ்ப்பட்ட எடையுடையோர் ‘ஆரோக்கியமானோர்’ என்னும் மிலான் ஆய்வின் சல்லடை எம்மவரிடையே அதே நுணுக்கத்துடன் வேலை செய்யும் என எடுத்துக்கொள்ள முடியாது.

தனி மனிதன் பற்றிய அவரது கருத்து இன்னும் முக்கியமானது. 1974 இல் ஹாரிஸ் என்னும் அமெரிக்கப் புள்ளிவிபரவியலாளர், ஒருவருக்குள்ளே நிகழும் ஏற்ற இறக்கம் மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டைவிட மிகச் சிறிதாயின், பொது வீச்சு அவருக்குப் பெரிதும் பயன்படாது என நிறுவினார். ஏ.எல்.டி. இத்தகைய ஒன்றே. ஆண்டாண்டாக 14 அளவில் நின்ற ஒரு பெண்ணின் பெறுமானம் 34 ஆக உயர்ந்திருப்பின், அறிக்கை அதனை இயல்பு என்றே கூறக்கூடும். அவரது ஈரலோ இரு மடங்குக்கும் மேலான மாற்றத்தை அறிவிக்கின்றது. பழைய அறிக்கைகளை வீசிவிடாது கோவையொன்றில் பேணி வருவோர், எந்த வீச்சையும்விடப் பெறுமதியான ஒப்பீட்டைத் தம் வசம் வைத்திருக்கின்றனர்.

நடைமுறையில் பல ஆய்வுகூடங்கள் 120 பேரைத் தேடி அலைவதில்லை. பரிசோதனைத் தொகுதியுடன் வரும் உற்பத்தியாளரின் துண்டுப்பிரசுரத்திலுள்ள எண்ணையே அச்சிடுகின்றன. இதில் தவறில்லை, ஆனால் ஒரு நிபந்தனையுண்டு. தமது பகுதி மக்களுள் தகுதியான 20 பேரை அளந்து, இருவருக்கு மேல் வீச்சுக்கு வெளியே செல்லவில்லை என உறுதிசெய்தல் வேண்டும். இருபது பேர் என்பது எந்த ஆய்வுகூடத்துக்கும் பெருஞ்சுமையன்று. சிறுவர் விடயத்தில் இக்கவனயீனம் எவ்வளவு தூரம் சென்றிருந்தது என்பதை 2010 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. அங்குள்ள சிறுவர் மருத்துவமனைகள் பயன்படுத்திய மேலெல்லை 30 முதல் 90 வரை பரந்து கிடந்தது! ஈரல் நோயற்ற சிறுவரைக் கொண்டு கணித்தபோது கிடைத்தவை ஆண் பிள்ளைகளுக்கு 25.8, பெண் பிள்ளைகளுக்கு 22.1 மாத்திரமே.

எனது கருத்தில், குழப்பத்தின் வேர், இரு வேறு எண்களை ஒரே நிரலில் அச்சிடுவதிலேயே உள்ளது. ஒப்பீட்டு வீச்சு என்பது ஒரு மக்கட் கூட்டத்தைப் பற்றிய வருணனை. தீர்மான எல்லை என்பது இவ்விடத்தில் செயற்படு என்னும் கட்டளை. நீரிழிவு விடயத்தில் மருத்துவ உலகம் இவ்வேறுபாட்டை எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது. வெறுவயிற்றுச் சீனி 126ஐ எட்டினால் நீரிழிவு என்பது எந்த 120 பேரின் வரிசையிலிருந்தும் பெறப்பட்டதன்று. பின்விளைவுகளை நோக்கி வகுக்கப்பட்டது. ஏ.எல்.டி. இப்போதுதான் மெல்ல மெல்ல அத்திசையில் நகர்கின்றது. 2017 இல் அமெரிக்க இரைப்பை குடலியல் கல்லூரி, ஆண்களுக்கு 29 முதல் 33 வரையும் பெண்களுக்கு 19 முதல் 25 வரையும் மேலெல்லையாகக் கொள்ளுமாறு பரிந்துரைத்தது. ஹெப்படைடிஸ் பி பற்றிய 2018 ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டல் 35, 25 என்றது. உலக சுகாதார நிறுவனத்தின் 2024 ஆம் ஆண்டு வழிகாட்டலோ 30, 19 என்னும் எண்களைக் கையாள்கின்றது. குருதியில் ஹெப்படைடிஸ் பி வைரஸின் அளவு மில்லிலீற்றருக்கு 2000 அலகுக்கு மேலிருந்து, ஏ.எல்.டி.யும் அவ்வெல்லையைத் தாண்டியிருப்பின் சிகிச்சை அளிக்கலாம் என்கின்றது அது.

ஹெப்படைடிஸ் பி தொற்றுடைய ஒரு தாயின் ஏ.எல்.டி. 27 எனவும், வைரஸின் அளவு 2000க்கு மேல் எனவும் வைத்துக்கொள்வோம். ஆய்வுகூட அறிக்கையின் நாற்பதை நோக்கும் வைத்தியர், ஆறு மாதங்களின் பின்னர் வருமாறு கூறி அவரை அனுப்பிவைப்பார். வழிகாட்டலின் பத்தொன்பதை நோக்கும் வைத்தியர், அன்றே சிகிச்சை பற்றிப் பேசத் தொடங்குவார். இருவர் கையிலும் இருப்பது ஒரே தாளே.